உயர்த்திய புருவம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே கனடாவின் வடகோடி நுனாவுட்டில் இன்னும் பனிதான்.

பள்ளிக்கு வந்திருக்கும் பேசும் டேப்லெட்டுகள்மேல் எனக்கு நம்பிக்கையே இல்லை. ஆறு வயது உலாயுக் எதற்குமே பதில் சொல்வதில்லை என்று அதில் ஒன்று அறிக்கை அனுப்ப, அவளைத் தனி வகுப்புக்குத் தள்ளப் பார்த்தார்கள். சந்தேகத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இது கரடியா?" என்று கேட்டது டேப்லெட். அவள் புருவத்தை உயர்த்தினாள். இந்த ஊரில் 'ஆமாம்' என்பது அவ்வளவுதான்.

"வாயத் தொறந்து சொல்லேண்டி!" என்றேன்.

"சொல்லிட்டேனே டீச்சர். அதுக்குத்தான் கண்ணு தெரியல."

அவளைத் தனி வகுப்புக்கு நான் விடுவதாக இல்லை.

கம்பளிக் காலுறையும், நீ செய்யும் ஜாமும் அனுப்பு. ஞாயிறன்று போனில், "எங்க ஞாபகம் வருதாடி?" என்று கேட்டாயே, நீ நினைத்ததுபோல் லைன் போகவில்லை அம்மா. நான் புருவத்தை உயர்த்தினேன்.

தபால் விமானம் வந்துவிட்டது.

டோரீன்