கிரில்லை வீட்டில் விட்டுவிட்டுக் கல்லைக் கொண்டுபோனோம், அண்ணி

பிரியமான ஸ்டெல்லா அண்ணிக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இதுவரை உங்களுக்கு நான் எழுதியதில்லை. கல்லறைக்குப் பூ கொண்டுவரும்போது மனசுக்குள் ஏதாவது சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். இன்றைக்குச் சொல்ல வந்தது கொஞ்சம் நீளம். அடுப்பு சம்பந்தப்பட்டது. நின்றுகொண்டு சொல்லி முடிக்க முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் மகள் ஷீபாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை சந்தோஷ்தான். ஆபீஸ் நண்பன் என்று சொல்லி கடைசி கேம்ப்புக்குக் கூட்டி வந்தாளே, அந்தக் கன்னடப் பையன். காலையில் நம் கோயிலில் திருப்பலி, சாயங்காலம் அவர்கள் பக்கம் ஒரு மண்டபத்தில் சடங்கு. ஷீபா உங்கள் கல்யாணப் புடவையைத்தான் கட்டினாள். பிளவுஸ் மட்டும் புதிதாகத் தைத்தோம்.

இனி கேம்ப். கிறிஸ்துமஸ் கழிந்த மறுவாரம் நம் இரண்டு குடும்பமும் கனகபுரா தாண்டி ஆற்றோரத் தென்னந்தோப்பில் இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்குவதை ஆரம்பித்தவரே நீங்கள். வருடம் முழுக்க நைட் டியூட்டி பார்க்கிற நர்சுக்கு இரண்டு நாளாவது திறந்தவெளி வேண்டும் என்பீர்கள். டென்ட் அடிப்பது ஆண்கள் வேலை. கரி கிரில் உங்களுடையது. அதை வேறு யாரும் தொட்டதில்லை. நீங்கள் எங்களை விட்டுப் போன வருடம் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டாவது வருடம், அதாவது இந்த டிசம்பரில், போகலாம் என்று ஷீபாதான் பேச்சை எடுத்தாள்.

அவள் எனக்கு போன் செய்தபோது முதலில் கேட்டது கிரில்லைப் பற்றி. போன முறை சந்தோஷ் வெறும் பிரெட்டைத் தின்றுகொண்டு பசியில்லை பசியில்லை என்று சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவன் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. கோழி சுட்ட அதே கம்பியில் நீங்கள் அவனுக்காகச் சோளம் சுட்டுக் கொடுத்தீர்கள், அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மறுநாள்தான் உங்களுக்குப் புரிந்தது. இந்தப் பையனை இரண்டு நாள் பட்டினி போட்டுட்டேனே என்று என்னிடம் சொன்னீர்கள்.

அப்படியானால் அவனுக்கு ஒரு தனி அடுப்பு எடுத்துப் போவோம் என்றேன். ஷீபா ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு அடுப்பு வெச்சா ரெண்டு பந்தி ஆயிடும் அத்தை. அவர் அங்க ஒரு மூலையில, நாம இங்க ஒரு மூலையில. அதுக்கு நாங்க வராமலே இருக்கலாம்."

அதனால்தான் நான் பெரிய தட்டைக் கல்லை யோசித்தேன். ஹோட்டலில் தோசைக்கு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி, கீழே கேஸ். பொம்மசந்திராவில் நான் வேலை பார்க்கிற பைப் கம்பெனியில் வெல்டர் முருகேசன் இருக்கிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் கேட்டேன். மூணு எம்.எம். தகடு போட்டா சூட்டுல நெளிஞ்சுடும் மேடம், பத்து போட்டா தூக்க ஆள் வேணும், ஆறு போதும் என்றார். ஒரே ஸ்டாண்டில் இரண்டு கல் வைக்கலாமா, நடுவில் விரல் அளவு இடைவெளி விட்டு, ஒன்றின் எண்ணெய் இன்னொன்றில் போகாதபடி? வைக்கலாம் என்றார். ஒரு கல் சைவம், ஒரு கல் மற்றதற்கு. அடுப்பு ஒன்று, உட்காருகிற இடமும் ஒன்று. கால்களுக்கு அடியில் திருகு போல்ட் வேண்டும் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். தோப்புத் தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். கல் சாய்ந்தால் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடிவிடும். கிரில்லுக்கு அந்தக் கவலை கிடையாது, தெரியும்.

எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு அண்ணனிடம் சொன்னேன். அது தப்பு. முதலில் கேட்டிருக்க வேண்டும்.

"கிரில் இல்லாம போறதா இருந்தா நீங்க போயிட்டு வாங்க. நான் வரல" என்றார். அவ்வளவுதான். டிவியை சத்தமாக வைத்துவிட்டார்.

அண்ணன் ரிட்டயர் ஆன பிறகு எப்படி இருக்கிறார் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பஸ் ஓட்டின காலத்தில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்த பழக்கம் இன்னும் போகவில்லை. எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், போக இடம்தான் இல்லை. பிரேசர் டவுனில் இருக்கிற என் வீட்டுக்கு வாருங்கள் என்றால் முட்டிவலி என்கிறார். அவரை அந்த ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டை விட்டு வெளியே கொண்டுவருவதற்கு எனக்கு இருந்த ஒரே வழி இந்த கேம்ப்தான். அதையும் நானே கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அங்கே போனபோது காம்பவுண்டில் ஒரே புகை. மாடிப்படிக்கு அடியில் கிடந்த உங்கள் கிரில்லை வெளியே இழுத்துப் போட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் பத்தவைக்கத் தெரியும் என்று காட்டத்தான். மழையில் அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. கரி பிடிக்காமல் மண்ணெண்ணெயை ஊற்றியிருந்தார். நீங்கள் என்றைக்காவது மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறீர்களா? கோழிக்கால் வெளியே கரிக்கட்டை, உள்ளே ரத்தம். பக்கத்து வீட்டுக்காரர் துணி காய்கிறது என்று கன்னடத்தில் சத்தம் போட்டார். அண்ணன் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவராகவே பேச ஆரம்பித்தார்.

"கோழி எனக்குப் பெரிசில்ல ரெஜி. கரி பத்தி, மேல சாம்பல் பூத்து வர முக்கால் மணி நேரம் ஆகும். அதை விட்டுட்டு அவளால எங்கயும் எழுந்து போக முடியாது. நானும் பக்கத்துல உக்காந்திருப்பேன். நான் காலைல போனா அவ தூங்குவா, அவ ராத்திரி போனா நான் தூங்குவேன். வருஷத்துல ரெண்டு பேரும் சும்மா உக்காந்தது அந்த முக்கால் மணி நேரம்தான். உன் கல்லு அஞ்சு நிமிஷத்துல சூடாயிடும்."

நான் பைப்பை அளந்து பார்த்து சரி, தப்பு என்று சீல் வைக்கிற ஆள். இத்தனை வருடம் கரி அடுப்பு நேரத்தைச் சாப்பிடுகிறது, பிள்ளைகள் பசியில் காத்திருக்கிறார்கள் என்று உங்களிடமே முணுமுணுத்திருக்கிறேன். அது சமையல் நேரம் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்களும் ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

இரண்டு வாரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். துரு ஓட்டையை அடைத்துக் கிரில்லையே எடுத்துப் போகலாமா என்றுகூட முருகேசனிடம் கேட்டேன். அடைக்கலாம், ஆனால் சூடு பட்டால் அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி ஓட்டை விழும் என்றார். காரில் இரண்டுக்கும் இடமில்லை. கடைசியில் அண்ணனிடம் போய் ஒளிக்காமல் சொன்னேன். நான் கல்தான் எடுத்து வரப்போகிறேன், மாப்பிள்ளை இந்த முறை நம்மோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், உங்களுக்குக் கோபம் இருந்தால் அங்கே வந்து கோபப்படுங்கள். கிளம்புகிற அன்று காலை அவர் பையோடு கேட்டில் நின்றிருந்தார்.

தோப்பில் ஸ்டாண்டை இறக்கி நான் போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தபோது, அண்ணன் டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்து கல் மேல் வைத்தார். தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, இடது பக்கம் ஏத்து என்றார். இன்னும் ஸ்வல்ப, கொஞ்சம் என்றார். அதோடு போல்ட் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். நான் வார்த்த முதல் தோசை கிழிந்தது, இரண்டாவதும் கிழிந்தது. வீட்டில் மூன்று நாள் எண்ணெய் தடவிக் காய்ச்சிப் பழக்கியும் கல் இன்னும் மாவைப் பிடித்துக்கொண்டது. தள்ளு என்று கரண்டியை வாங்கிக்கொண்டார். ஆற்றுக் காற்று கேஸை அணைத்துக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு தாம்பாளத்தை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார். முருகேசனிடம் காற்று மறைப்பு வைக்கச் சொல்லாதது என் தப்பு.

சந்தோஷ் ஏழு தோசை சாப்பிட்டான். பக்கத்துக் கல்லில் எங்களுக்கு ஆம்லெட். எல்லோரும் ஒரே நேரத்தில், சூடாக, ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வெயில்கூட இன்னும் இறங்கவில்லை.

அண்ணன் சொன்னது சரிதான். முடிந்த பிறகு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அவர் கையைக் கழுவிவிட்டு, காய்ந்த தென்னை மட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணில் சின்னதாக ஒரு நெருப்பு மூட்டினார். அதில் சமைக்க ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்தார். நான் போகலாமா வேண்டாமா என்று நிற்கும்போது சந்தோஷ் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

போன தடவை நீ சாப்பிடாம இருந்தது உன் மாமியாருக்கு ரொம்ப மனக்கஷ்டம்ப்பா என்று அண்ணன் அவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. சந்தோஷ் பதில் சொன்னான்.

"எனக்குத் தெரியும் அங்கிள். ரெண்டாவது நாள் ஆன்ட்டி ரோடு வரைக்கும் தனியா நடந்து போய், ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிட்டு வந்து என் டென்ட்ல வெச்சாங்க. ஷீபாகிட்டகூடச் சொல்ல வேண்டாம்னாங்க. ஊர் திரும்பினதும் எங்கம்மாகிட்ட அதைத்தான் முதல்ல சொன்னேன். கல்யாணத்துக்கு எங்கம்மா ஒத்துக்கிட்டது அப்புறம்தான்."

இது எங்கள் யாருக்குமே தெரியாது, அண்ணி. அந்த ரோடு எவ்வளவு தூரம்? உங்களுக்கு அன்றைக்குக் காலில் வீக்கம் வேறு. அண்ணன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த முக்கால் மணி நேரக் கதையை அவனுக்கும் சொன்னார். என்ன பேசுவீர்கள் என்று அவன் கேட்டான். பெரும்பாலும் ஒண்ணும் பேச மாட்டோம் என்றார் அண்ணன். நெருப்பு அணையும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மதியம் கோழி போட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றாக வரவில்லை. கல் நிறைய ஒரே நேரத்தில் அடுக்கிவிட்டேன். தண்ணீர் விட்டுக்கொண்டு வறுபடாமல் வெந்துவிட்டது. புகை வாசனையும் இல்லை. எல்லோரும் மரியாதையாகத் தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டெல்லா இருந்தா இதைத் தட்டுல வெச்சுக்கவே மாட்டா."

ஷீபாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். அண்ணனும். இந்த இரண்டு வருடத்தில் அவர் உங்கள் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றுக்கும் 'அவ'தான். நான் சிரித்துக்கொண்டே எழுந்து ஆற்றுப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கல்லா, கிரில்லா என்று யாராவது இப்போது என்னைக் கேட்டால் கல் என்றுதான் சொல்வேன். பலபேர் பலவிதமாகச் சாப்பிடுகிற குடும்பத்துக்கு அதுதான் வசதி. கோழிக்கு மட்டும் நீங்கள் செய்ததுதான் சரி. உங்கள் இடத்தை எடுத்துக்கொண்டேனோ என்று மட்டும் அவ்வப்போது தோன்றுகிறது. அப்படி இருந்தால் மன்னித்துவிடுங்கள். நீங்கள் கோபப்பட மாட்டீர்கள் என்றும் நினைக்கிறேன்.

ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். அடுத்த டிசம்பரிலும் போவோம். சமையல் சீக்கிரம் முடிந்தாலும் அண்ணனைச் சீக்கிரம் எழுந்து போக விடமாட்டேன். யாராவது ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம், பேச ஒன்றுமில்லை என்றாலும்.

உங்கள் சமையலில் குறை மட்டுமே கண்ட நாத்தனார்,
ரெஜினா