பூட்டு டிஸ்க்

என் செல்ல அம்மாவுக்கு,

நீ போன இடத்திலாவது கரண்டு கட்டாகாமல் இருக்கிறதா? இங்கே மைசூரில் மேகத்தைப் பார்த்தாலே கட்டாகிறது. சரி, சொல்ல வந்தது அதுவல்ல. மண்டி மொஹல்லாவில் நான் டைப் அடிக்கிற பிரிண்டிங் கடைக் கம்ப்யூட்டர் பிழைத்துக்கொண்டது. பிழைக்க வைத்தது உன் மகள். அதில் பாதிப் பெருமை உனக்கு. ஏனென்று சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள்.

போன வாரம் ஒரு காலையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவேயில்லை. கறுப்புத் திரை, அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகை வேலையெல்லாம் நின்றுபோனது. முதலாளி புட்டசாமி சார் நல்ல மனுஷர்தான், அவருக்கும் அலுத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஓடாவிட்டால் கம்ப்யூட்டரை விற்றுவிட்டுப் பழையபடி அச்சுக் கோக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அச்சுக் கோக்க அவரிடம் ஆள் இருக்கிறது. அப்புறம் எனக்கு அங்கே என்ன வேலை?

விண்டோஸை நானே மறுபடி ஏற்றுகிறேன் என்று சொன்னேன். அதற்கு முதலில் ஒரு பிளாப்பி வேண்டும். செத்துக் கிடக்கிற கம்ப்யூட்டரை அதைப் போட்டுத்தான் எழுப்பவேண்டும். பூட் பிளாப்பி என்பார்கள். நீ இருக்கும்போதே இரண்டு செய்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை நம் வீட்டு பீரோவிலும் வைத்தேன். கடையில் இருந்ததைப் போட்டு ஏற்றினேன். ஒழுங்காகத்தான் போனது. ஆஃப் செய்து போட்டால் மறுபடி கறுப்பு. இன்னொரு தரம் ஏற்றினேன், அதே கதை.

எனக்குக் கம்ப்யூட்டர் கோர்ஸ் எடுத்த சாருக்குப் போன் போட்டேன். வைரஸ் என்றார். அந்தக் கம்ப்யூட்டருக்குள் போய்வந்த பிளாப்பியையும் அது பிடித்திருக்கும், சுத்தமான பிளாப்பி இருந்தால்தான் துடைக்கமுடியும் என்றார். வீட்டுப் பிளாப்பியையும் போன மாதம்தான் அதே கம்ப்யூட்டரில் போட்டுச் சரிபார்த்திருந்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன். எடுத்துப் பார்த்தால், பிளாப்பியின் மூலையில் இருக்கிற சின்னத் தாழ்ப்பாள் தள்ளியிருக்கிறது. நான் தள்ளவில்லையே, யார் தள்ளியது?

ஞாபகம் இருக்கிறதா? அதைச் செய்து கொண்டுவந்த அன்று நான் பூட் என்றது உன் காதில் பூட்டு என்று விழுந்தது. பூட்டு எங்கே என்று கேட்டாய். உன்னைக் கிண்டல் பண்ணத்தான் அந்தத் தாழ்ப்பாளைக் காட்டினேன். இதைத் தள்ளிவிட்டால் உள்ளே யாரும் எதுவும் எழுதமுடியாது என்றேன்.

"பூட்டுன்னு பேர வெச்சுப்போட்டு தொறந்து போட்டிருக்கறயே, ஏங்கண்ணு?" என்று நகத்தாலேயே தள்ளிவிட்டாய். அப்பாவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நீ அசைந்து கொடுக்கவில்லை.

யாரும் எழுதமுடியாதென்றால் வைரஸும் எழுதமுடியாது, அம்மா. நீ பூட்டின பிளாப்பியைப் போட்டேன். துடைத்தேன், ஏற்றினேன், ஆஃப் செய்து போட்டேன். விண்டோஸின் மேகப் படம் வந்தது, அதற்கப்புறமும் ஓடியது. புட்டசாமி சார் விற்கிற பேச்சையே எடுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் என்னைக் காட்டி, இவள்தான் எங்கள் இஞ்சினியர் என்றார். நான் டைப்பிஸ்ட் சார் என்று திருத்தவா முடியும்?

இப்போது தெருவில் மூன்று கடைக்குப் பிளாப்பி செய்து கொடுத்திருக்கிறேன், எல்லாம் பூட்டித்தான். லேபிளில் கன்னட எழுத்தில் பூட்டு என்று எழுதுகிறேன். கன்னடத்தில் பூட்டுக்கு பீகா என்று பேர், நம் வார்த்தை அவர்களுக்குத் தெரியாது. அதனால் இந்தப் பிளாப்பிக்கே அதுதான் பேர் என்று நினைத்துக்கொண்டார்கள். நேற்று ஜெராக்ஸ் கடைக்காரர் எதிர்ச்சாரியிலிருந்து, "செல்வி, ஒரு பூட்டு டிஸ்க் கொடம்மா" என்று சத்தம் போட்டுக் கேட்கிறார். பள்ளிக்கூடப் பக்கமே போகாத உன் வார்த்தையை மண்டி மொஹல்லாவே பேசுகிறது.

நாளைக்கு யாராவது வந்து அது பூட் என்று திருத்தலாம். திருத்திவிட்டுப் போகட்டும். நான் இருக்கிறவரைக்கும் இந்தத் தெருவில் அதற்குப் பேர் பூட்டுதான். இது உன்மேல் சத்தியம்.

உன்னிடம் வாயாடியே வளர்ந்த
உன் மகள் செல்வி