திபூர்சியோ வைத்த தொப்பி

மினாதித்லான்,
9 பிப்ரவரி 1956

என் அன்பு எவுலாலியா,

நலம். எண்ணெய் ஆலை வேலை ஆளைப் பிழிந்தெடுக்கிறது. கண்டெலாரியா மாதா திருவிழாவுக்கு வர முடியாதது இன்னும் மனசை அறுக்கிறது. ஃபண்டாங்கோ ஆட்டம் எப்படி நடந்தது? எத்தனை பேர் ஹரானா கித்தார் மீட்டினார்கள்? பெண்கள் கூட்டமாக ஆடுவதோடு நிறுத்திக்கொண்டாயா, ஜோடி ஆட்டத்துக்கும் ஆட்டப் பலகை ஏறினாயா? ஆட்டத்தில் மயங்கி எவனாவது உன் தலையில் தொப்பி வைத்தானா? சும்மாதான் கேட்கிறேன். மறைக்காமல் எழுது.

உன் நிகானோர்

த்லகோதல்பான்,
17 பிப்ரவரி

அன்புள்ள நிகானோர்,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஹரானா பன்னிரண்டு இருக்கும். உங்கள் மாமா வழக்கம்போல, "இந்தப் பாட்டெல்லாம் எங்க பாட்டன் ஸ்பெயின்லேர்ந்து கப்பல்ல கொண்டாந்ததாக்கும்" என்று அளந்தார். நான் விடவில்லை. "கித்தாரைக் கொண்டாந்தீங்க, சரி. கால் அடியை யாரு கொண்டாந்தா? எங்க கறுப்பு ஆளுங்கதானே!" என்றேன். மனுஷன் சாராயக் குவளையை எடுத்துக்கொண்டார்.

ஜோடி ஆட்டம் ஒன்று ஆடினேன். ஒரு தொப்பியும் தலையில் விழுந்தது. அதைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

எவுலாலியா

மினாதித்லான்,
24 பிப்ரவரி

எவுலாலியா,

தொப்பி விழுந்தது என்று எழுதத் தெரிந்தவளுக்குத் திருப்பிக் கொடுத்தேன் என்று எழுத வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் வைத்தவன் கையில் கொடுப்பதுதான் முறை. வீட்டுக்குக் கொண்டுபோனால் அவனுக்குச் சம்மதம் சொன்னதாக ஊரில் அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா?

வைத்தவன் திபூர்சியோ. என் சிநேகிதன்! அவனே இங்கே வந்து சொன்னான்: "கொடும்மான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே எடுத்துட்டுப் போயிட்டாடா." தொப்பி விழுந்ததும் பலகை பிளக்கிற மாதிரி உன் கால் அடித்ததாம். யாருக்காக அடித்தாய்? இப்போது அந்தத் தொப்பி எங்கே?

நிகானோர்

த்லகோதல்பான்,
3 மார்ச்

நிகானோர்,

தொப்பி நம் கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அது உங்கள் தொப்பி.

மேல்நாடா புதியது, பார்க்கிறவனுக்கு அடையாளம் தெரியாது. உள்பட்டையைப் பிரித்து உங்கள் பெரிய மண்டைக்குத் தகுந்தபடி தைத்தவள் நான். நெற்றியில் பட்டதுமே என் தையல் எனக்குத் தெரிந்துவிட்டது. லீவு கிடைத்துவிட்டது, கூட்டத்தில் எங்கேயோ ஒளிந்து நின்று விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால், நான் வந்துவிட்டேன் என்று உங்களுக்குச் சொல்ல ஓர் அடி அடிப்பேனே, அதைத்தான் அடித்தேன். மூன்று முறை. நீங்கள் பலகை ஏறவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து இறால் சோறு ஆக்கி வைத்தேன். மறுநாள் கோழிக்குப் போட்டேன்.

உங்கள் தொப்பி திபூர்சியோ கைக்கு எப்படிப் போனது? ஒரு மாதமாக இந்தச் சந்தேகம் என்னை அரிக்கிறது. நீங்களே சொல்லுங்கள்.

எவுலாலியா

மினாதித்லான்,
10 மார்ச்

என் கண்ணே,

நான்தான் நாடாவை மாற்றிக் கொடுத்தனுப்பினேன். கூட வேலை செய்கிறவர்கள், "புருஷன் இங்க, பொண்டாட்டி பலகை மேல. நீ நம்பிக்கிட்டு இரு!" என்று தினமும் குத்திக்காட்டினார்கள். புத்தி கெட்டுப்போய், ஒரு முறை உன்னைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று செய்தேன். இப்போது நெஞ்சு குளிர்ந்துவிட்டது. உன்னைப் போல் ஒருத்தி கிடைப்பாளா! பாஸ்கா பண்டிகைக்கு வருகிறேன். அந்த இறால் சோற்றை ஆக்கி வை.

உனக்கே உனக்கான நிகானோர்

த்லகோதல்பான்,
19 மார்ச்

நிகானோர்,

சனிக்கிழமை பக்கத்து ஊர் ஃபண்டாங்கோவுக்குப் போனேன். ஜோடி ஆட்டத்தில் திபூர்சியோ எதிரே வந்து நின்றான். "நான் இல்ல தாயி, அவன்தான் அனுப்பினான்" என்று முணுமுணுத்தான். நான் இறங்கவில்லை. அந்த அடியை ஒரு முறை அடித்துப் பார்க்க நினைத்தேன். கால் வரவில்லை. அவன் யாருடைய கண்ணோ, அங்கே நிற்கிற ஒவ்வொருவரும் யார் அனுப்பிய ஆளோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடிமைக் காலத்தில் எஜமானர்கள் எங்கள் ஆள்களிடமிருந்து பறையைப் பிடுங்கினார்கள் என்று அம்மா சொல்வாள். அப்போதும் கால்களை ஒன்றும் செய்ய முடியவில்லையாம். பலகையில் அடித்துப் பேசிக்கொண்டார்களாம். எஜமானர்களால் முடியாததை நீங்கள் ஒரு தொப்பியை வைத்துச் செய்துவிட்டீர்கள்.

பாஸ்காவுக்கு வாருங்கள், உங்கள் ஊர். உங்கள் துணிமணி, தொப்பி எல்லாவற்றையும் உங்கள் அம்மா வீட்டில் கொடுத்துவிட்டேன்.

எவுலாலியா