மார்கரெட்டுக்கு மட்டும் திறந்த கதவு

என் அன்பு ஃபோலா அக்கா,

ஆங்கிலத்தில் பேசிப் பழகிய ஏழு வருடமும் உன்னை ‘நீ’ என்பதா ‘நீங்கள்’ என்பதா என்று யோசிக்க வேண்டி வரவில்லை. தமிழில் எழுதத் தொடங்கியவுடன் கை தயங்குகிறது. நீ என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஆனாலும் ‘நீ’ என்றே எழுதுகிறேன், கோவிக்காதே. உனக்குத் தெரியாத மொழியில் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். உன்னைப் பற்றி நான் பொய் சொன்னது ஆங்கிலத்தில். அதே மொழியில் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது காலை ஒன்பது ஐந்து. லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கத்தில் நம் காப்புறுதிக் கம்பனியின் கீழ்த்தளத்தில், வரவேற்பு மேசைக்கு எதிரே உள்ள கதிரையில் இருந்து எழுதுகிறேன். பத்து மணிக்கு மேல்தளத்தில் என்னை விசாரிக்கப் போகிறார்கள். இறந்துபோன ஒருத்தியின் பெயரில் பதினொரு நாள் இந்தக் கட்டடத்துக்குள் வந்தது யார் என்பதுதான் கேள்வி. என் மடியில் ஒரு பை இருக்கிறது. பைக்குள் மார்கரெட் இருக்கிறாள்.

மார்கரெட் யாரென்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, இதை வாசிக்கிற மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது நீ நேர்முகத் தேர்வுக்கென்று வாங்கிய விக். தோளில் வந்து விழும் நேரான பழுப்பு முடி, கண்புருவம் வரை மறைக்கும் முன்மயிர். உன் சொந்த முடியை நீ சனிக்கிழமைகளில் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு சலூனில் ஆறு மணித்தியாலம் குந்தியிருந்து பின்னிக்கொண்டு வருவாய். இடுப்பு வரை தொங்கும் மெல்லிய பின்னல்கள், நுனியில் மணிகள். நீ நடந்து வந்தால் கலகலவென்று கேட்கும். திங்கட்கிழமை அதைப் பார்த்தவுடன் நம் மேலாளர் சைமன் சிரித்துக்கொண்டே, “வியாழன் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், தலைக்கு ஏதாவது செய்வாய்தானே?” என்பார். வியாழன் காலை நீ மேசை லாச்சியைத் திறந்து மார்கரெட்டை வெளியே எடுப்பாய்.

“வேலை கிடைச்சது மார்கரெட்டுக்கு. நான் அவளுக்குப் பதிலா இருந்து டைப் பண்ணுறன்,” என்று கண்ணைச் சிமிட்டுவாய். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது தெரியவில்லை.

பிறகு அந்த முகம் பார்க்கிற கேட் வந்தது. எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். அன்று உனக்கு ஒரு கூட்டம், அதனால் தலையில் மார்கரெட். அதோடு உன் விதி எழுதப்பட்டுவிட்டது. மார்கரெட்டோடு வந்தால் கேட் திறந்து, திரையில் “குட் மோர்னிங், ஃபோலா” என்று எழுதி, வாயாலும் சொல்லும். பின்னலோடு வந்தால் சிவப்பு விளக்கு. புதுப்படம் எடுக்கச் சொல்லி நீ அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவேயில்லை. காவலுக்கு நிற்கும் பருத்தித்துறை செல்வம் அண்ணை மேலே அழைத்து, அனுமதி வாங்கி, உன்னை விசிட்டர்ஸ் புத்தகத்தில் பதிந்து, பக்கக் கதவால் விட வேண்டும். மேலே ஒருவரும் தொலைபேசியை எடுக்காவிட்டால் அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் போய்விடும், ஒன்பது மணி வேலைக்கு நீ பிந்தினவள் ஆவாய். ஒன்பது வருடம் வேலை செய்த உனக்கு விசிட்டர் அட்டை! ‘வந்த காரணம்’ என்ற இடத்தில் நீ ஒவ்வொரு நாளும் ஒன்று எழுதுவாய். ‘மார்கரெட்டுக்குக் காய்ச்சல்.’ ‘மார்கரெட் விடுமுறையில்.’

தினமும் அவளையே போட்டுக்கொண்டு வந்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். நீ சிரிக்கவில்லை.

“ஒவ்வொரு நாளும் போட்டா, பிறகு எனக்கே என்னை அடையாளம் தெரியாமல் போயிடும், அபுரோ.”

அபுரோ. உங்கள் யொரூபா மொழியில் தனக்கு இளையவளை அப்படிக் கூப்பிடுவார்கள் என்றாய். நான் உன்னை அக்கா என்றேன். அக்காவும் அபுரோவும் மதியம் உன் ஊர் ஜொலோஃப் சோற்றையும் என் இடியப்பத்தையும் மாற்றிச் சாப்பிட்டோம்.

குழுத் தலைவர் பதவிக்கு நீ விண்ணப்பித்தாய். நேரம் தவறுகிறவள் என்று தள்ளிவிட்டார்கள். நீ முறைப்பாடு செய்தாய். தினமும் உனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவள் என்று என் பெயரைச் சாட்சியாகக் கொடுத்தாய். அந்தப் பதவிக்கு என் பெயரையும் எடுத்திருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. விசாரணையில் கேட்டார்கள், கேட் அவளுக்குத் திறக்காமல் இருந்ததை நீ பார்த்தாயா என்று. “நான் கவனிக்கவில்லை,” என்றேன்.

அக்கா, நான் கவனித்தேன். ஒவ்வொரு நாளும் கவனித்தேன். அன்று மாலை நீ ஒன்றும் கேட்காமல் எனக்கொரு தேநீர் வாங்கித் தந்தாய். அதைக் குடித்தும் விட்டேன்.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தால் வந்து படுத்தவள் நீ எழும்பவில்லை. இதயம் என்றார்கள். உங்கள் வால்தம்ஸ்டோ வீட்டுக்கு நான் போனபோது உன் அம்மா ஒரு கடிதத்தை என் கையில் வைத்தார். வழக்கமாகப் பிந்தி வருபவர், சாட்சியும் இல்லை, ஆகவே முறைப்பாடு தள்ளப்படுகிறது என்று அதில் இருந்தது. நீ செத்து நாலாம் நாள் வந்த கடிதம். “என்ரை மகள் விடிய ஆறரைக்கு வெளிக்கிடுவாளே. பிறகு எப்படிப் பிந்தினவள்?” என்று கேட்டார். என்னைக் குழுத் தலைவர் ஆக்கிய பதவி உயர்வுக் கடிதம் அப்போது என் கைப்பைக்குள் கிடந்தது.

உன் மேசையைத் துப்புரவாக்கச் சொன்னார்கள். யாரும் பார்க்காமல் செய்யலாம் என்று ஏழரைக்கே வந்தேன். லாச்சியைத் திறந்து மார்கரெட்டைத் தொட்டேன், சூடாக இருந்தாள். யாரோ இப்போதுதான் கழற்றி வைத்ததுபோல. கீழே ஹீட்டர் குழாய் ஓடுகிறது என்று பிறகு நினைத்துக்கொண்டேன். உன் தலை எண்ணெய் வாசம் அப்படியே இருந்தது. “ஒருநாள் போட்டுப் பாரன்” என்று நீ கேலி செய்வாயே, அது ஞாபகம் வந்தது. செத்தவரின் உடுப்பைப் போடக் கூடாது என்று வளர்ந்தவள் நான். ஆனாலும் போட்டேன். கண்ணாடி பார்க்கவில்லை, பயம்.

அழுதுகொண்டே உன் சாமான்களைப் போட்ட பெட்டியைக் கொண்டுபோய்ச் செல்வம் அண்ணையிடம் வைத்துவிட்டு, உன் தேநீர்க் கோப்பையை மறந்துவிட்டேன் என்று திரும்பினேன். தலையில் இருப்பது நினைவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் போகுமுன்பே அது திறந்தது.

“குட் மோர்னிங், ஃபோலா.”

செல்வம் அண்ணையின் கையில் தேத்தண்ணி அப்படியே நின்றது. “பிள்ளை, அது ஆரின்ரை பேரைச் சொன்னது?” என்றார்.

நீ ஐந்தடி பத்து, நான் ஐந்தடி. உன் மூக்கு வேறு, என் மூக்கு வேறு. அது ஒருநாளும் உன் முகத்தைப் பார்க்கவேயில்லை, அக்கா. முடியைத்தான் பார்த்தது. ரயிலில் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், நீ போய் அன்று முப்பத்தோராம் நாள். எங்கள் ஆட்களுக்கு அன்று அந்தியேட்டிச் சடங்கு. அன்றோடு உயிர் தன் வழியில் போய்விடும் என்பார்கள்.

நீ போகவில்லை. அடுத்த நாள் முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தேன், மார்கரெட் வெம்பிளியில் என் வீட்டு அலுமாரிக்குள் இருந்தாள். கேட் திறந்து “குட் மோர்னிங், ஃபோலா” என்றது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், பொட்டைப் பெரிதாக வைத்துப் பார்த்தேன். உன் பெயரையே சொன்னது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நிற்கத் தொடங்கினார்கள். லிஃப்டில் என்னோடு ஏறாமல் விட்டார்கள். ஒருநாள் உணவறையில் யாரோ உன் பெயரைச் சொல்ல நான் திரும்பிப் பார்த்தேன்.

“அது பாத்துப் பாத்துப் பழகிற மெசினாம். ஒருக்கால் பிழையாப் பழகினா அப்பிடியே இழுத்துக்கொண்டு போகுமாம்,” என்றார் செல்வம் அண்ணை. கேட்டைத் திரும்பிப் பார்த்து, “அந்தப் பிள்ளை ரெண்டு வருசமா முன்னாலை வந்து நிண்டதே. அவவை ஏன் பழகேல்லை?” என்றார்.

பிறகு, மேசைக்குக் கீழே குனிந்து, நாலு விசிட்டர்ஸ் புத்தகங்களை எடுத்து வைத்தார். “எல்லாம் கிடக்கு. எட்டரை, எட்டு இருபத்தஞ்சு, எட்டு இருபது. அவ வாசலுக்கு வந்த நேரம் ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறன். என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை.”

என்னிடம் கேட்டார்கள். அதுதான் வித்தியாசம்.

நேற்று சைமன் ஒரு தாளோடு வந்தார். இயந்திரத்தில் ஒருமுறை ஏற்பட்ட கோளாறு, பழைய முறைப்பாட்டோடு இதற்குச் சம்பந்தமில்லை என்று நான் கையெழுத்து வைத்தால் விசாரணை முடிந்துவிடுமாம். வைக்காவிட்டால், இன்னொருவரின் அடையாளத்தைப் பயன்படுத்திய குற்றம். வேலை போகும். “அவள் இருந்தாலும் இதைத்தான் விரும்பியிருப்பாள், நிம்மதியாக இருக்கட்டும்,” என்றார். உனக்கு நிம்மதி வேண்டுமா, அக்கா? நிம்மதி வேண்டியவள் எதற்கு ஒவ்வொரு நாளும் என்னை உன் பெயரால் கூப்பிடுகிறாய்?

நேற்றிரவு உன் பதிவை அழித்துவிட்டார்கள். காலை எட்டு இருபதுக்கு வந்து நின்றேன். சிவப்பு விளக்கு. என் முகத்தை அது உன் பெயரில்தான் பழகியிருந்தது, அதனால் கேட்டுக்கு இப்போது என்னையும் தெரியாது, நான் யாருமில்லை. வரிசையில் எல்லாரும் என்னைக் கடந்து போனார்கள், ஒருவரும் என்ன என்று கேட்கவில்லை. அவர்களும் கவனிக்கவில்லையாக்கும். வெட்கத்தில் காது சுட்டது. இதை நீ ரெண்டு வருடம் சிரித்துக்கொண்டு தாங்கினாயா?

செல்வம் அண்ணை புத்தகத்தைத் திருப்பி வைத்தார். பெயர் எழுதினேன், நேரம் எழுதினேன். ‘வந்த காரணம்’ என்ற இடத்தில் ‘சாட்சி’ என்று எழுதினேன்.

இந்தக் கதிரையில் வந்து உட்கார்ந்ததும், எட்டரைக்கு, உன் நேரத்துக்கு, கேட் திறந்தது. முன்னால் ஒருவரும் இல்லை. திரையில் பெயரும் இல்லை. ஒருத்தி நடந்து உள்ளே போக எவ்வளவு நேரம் எடுக்குமோ, அவ்வளவு நேரம் திறந்திருந்து மூடியது. மணிகள் உரசுகிற சத்தம் கேட்டது என்று சொல்ல மாட்டேன், சொன்னால் பிறகு யாரும் என்னை நம்ப மாட்டார்கள். செல்வம் அண்ணை எழுந்து நின்றார். பழக்கத்தில் பேனாவை எடுத்து, என் பெயருக்குக் கீழே உன் பெயரை எழுதி, நேரத்தையும் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

“காரணம் என்னெண்டு போட, பிள்ளை?”

“வேலை எண்டு போடுங்கோ, அண்ணை.”

எழுதினார்.

பத்து மணிக்கு நாலு புத்தகத்தோடும் மார்கரெட்டோடும் மேலே போகிறேன். அந்தத் தாளில் கையெழுத்து வைக்க மாட்டேன். முதலில் நான் பொய் சொன்னதை ஒப்புக்கொள்ளுவேன், பிறகு மற்றதெல்லாம். பதவி போனால் போகட்டும், அது உன்னுடையது. கூட்டம் முடிந்ததும் நேரே வால்தம்ஸ்டோவுக்குப் போய், ‘உங்கள் மகள் ஒருநாளும் பிந்தவில்லை’ என்று உன் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். இது சத்தியம், அக்கா. நீ முன்னால் போ, உனக்குப் பின்னால்தானே நான் எப்போதும் நிற்கிறவள். இந்தமுறை கவனித்துக்கொண்டு வருகிறேன்.

உன் அபுரோ,
தங்கச்சி சுமதி