மஞ்சள் பூசிய கால்கள்

1 ஆகஸ்ட், வெள்ளி

கொரட்டூர் அம்மன் கோயில் வரிசை. வெறுங்கால்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். நோயற்ற தோல் படங்களுக்கு இனி அலைய வேண்டாம். நோயுள்ள கால்களைப் போன மாதமே ஆஸ்பத்திரியில் எடுத்தாயிற்று. ஆடி வெள்ளிக்குக் கூட்டம் வரும் என்று நான்தான் சொன்னேன். "நல்ல ஐடியாம்மா" என்றார் ராகவன் சார். என் ஆய்வு வழிகாட்டி. பாராட்டவே மாட்டார்.

22 ஆகஸ்ட்

படத்தைப் பார்த்தே தோல்நோயைக் கண்டுபிடிக்கும் எங்கள் கணினி மாடல் தேறிவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரி.

6 செப்டம்பர்

பருத்திப்பட்டு, ஏரியோரத் தெரு. போர் தண்ணீரில் கழிவு கலந்து ஆறு மாதம். குளித்தால் அரிப்பு, பிறகு புண். இப்போதைக்கு லாரித் தண்ணீர். அது தொடருமா என்பதை எங்கள் அறிக்கையை வைத்துத்தான் அதிகாரிகள் முடிவு செய்வார்கள்.

அந்தத் தெருக்காரர் நாகம்மாள் முதலில் காலை நீட்டினார். கணுக்கால்வரை மஞ்சள் பற்று.

"புண்ணுக்கு இதாம்மே மருந்து. இத்தினி போட்டோ புடிக்கிறியே, சினிமாவுல உடப் போறியா?"

தெருவே சிரித்தது. போன் திரையில் பச்சை: நோயில்லை.

"இன்னா சொல்லுது?"

"அப்புறம் சொல்றேங்க்கா."

7 செப்டம்பர்

ஐம்பத்திரண்டு பேரில் நாற்பத்தொருவர் நலம் என்கிறது மாடல். பிறகு ஏன் எல்லோரும் சொறிந்துகொண்டே பேசினார்கள்?

9 செப்டம்பர்

மாடல் எந்த இடத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று வரைபடம் போட்டேன். புண்ணை அது பார்க்கவே இல்லை. மஞ்சளைப் பார்க்கிறது.

கோயிலில் எல்லாப் பெண்களும் மஞ்சள் பூசி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் பூசவில்லை. மஞ்சள் இருந்தால் நலம் — அது கற்றது இவ்வளவுதான். கற்றுக்கொடுத்தவள் நான். அம்மா வெள்ளிதோறும் பூசுகிற கால்தானே. எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

10 செப்டம்பர்

ராகவன் சாரிடம் சொன்னேன்.

"ரிப்போர்ட் திங்கக்கிழமையே போயிடுச்சும்மா. பேப்பரும் அக்செப்ட் ஆயிடுச்சு. குறைகள்னு கடைசியில ஒரு வரி போட்டுக்கலாம்."

ஒரு வரி. தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

13 செப்டம்பர்

நாகம்மாளிடம் சொல்லிவிட்டேன். மஞ்சள் இருந்தால் மிஷினுக்குப் புண் தெரியாதுக்கா.

"அத்த அன்னிக்கே சொல்றதுக்கின்னா? வாயில கொயக்கட்டையா வெச்சிகினு இருந்த?"

19 செப்டம்பர்

லாரி நின்றுவிட்டது.

22 செப்டம்பர்

விளக்கக் கடிதத்தோடு, அறிக்கை போன அரசு ஆபீஸுக்குப் போனேன். எழுத்தர் மேலோட்டமாகப் பார்த்துத் திருப்பித் தந்தார்.

"நல்லா கீதுன்னும் நீங்கதான் சொல்றீங்கோ, இல்லேன்னும் நீங்கதான் சொல்றீங்கோ. உங்க சார் கையெழுத்து எங்க?"

சார் போடவில்லை. நான் கேட்கவும் இல்லை. திட்டுவார் என்று — சீ, எனக்கு வயசு இருபத்தினாலு.

26 செப்டம்பர், வெள்ளி

கல்லூரி வாசலில் நாகம்மாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கால் இரண்டையும் பீர்க்கங்கூடால் தேய்த்திருக்கிறார். ஓரிடத்தில் ரத்தம் கசிகிறது. துளி மஞ்சள் இல்லை.

"வெள்ளிக்கெயம அதுவுமா வெறுங்காலோட போறியே, நான் இன்னா செத்தா பூட்டேன்னு கத்திகினு கீது எங்க ஊட்டுக்காரரு. நீ புடிம்மே."

எடுத்தேன். திரை சிவந்தது. நோய், தொண்ணூற்றெட்டு சதவீதம்.

"தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிடுச்சுக்கா."

"அப்போ நாளைக்கு லாரி வந்துடும்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் மற்றக் காலையும் நீட்டினார். அதையும் எடுத்தேன்.