உப்பு மட்டும் நிற்கவில்லை

கிள்ளான் கடலோரத் தோட்டம்,
மார்ச் 1934

அன்புள்ள சவரியம்மாளுக்கு,

மாதா காவலில் நான் சுகமாயிருக்கிறேன். உன் முதுகுவலி தேவலையா? மாமாவுக்கும் அத்தைக்கும் என் தோத்திரம் சொல்.

இங்கே மழையே இல்லை. கிணற்றில் கடல் ஏறிவிட்டது. கிள்ளானிலிருந்து படகில் நல்ல தண்ணீர் வந்துகொண்டிருந்தது. போன மாதம் தோட்டத் துரை, கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு வடிகட்டிகள் வாங்கினார். உள்ளே வெள்ளைப் பீங்கான் குழாய் இருக்கும். அதன் துளைகள் கண்ணுக்குத் தெரியாது. சேறும் பேதிக் கிருமியும் அதில் நின்றுவிடும். தண்ணீர் கண்ணாடி போல வந்ததைப் பார்த்ததும் துரை படகை நிறுத்திவிட்டார். கரைந்த உப்பு கிருமியைவிட எத்தனையோ மடங்கு பொடி, அந்தத் துளையில் தாராளமாகப் புகுந்து வந்துவிடும் என்று சொன்னேன். "நீ புண்ணுக்குக் கட்டுப்போடு, போதும்" என்றார்.

ஜனங்கள் வடித்த தண்ணீரையே மறுபடி ஊற்றி வடிக்கிறார்கள். "மொத தடவ சேறு போச்சு, ரெண்டாந்தடவ உப்பும் போயிடும்லா டிரஸ்ஸரய்யா" என்றாள் இராஜம்மா. அவள் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். தெளிந்த தண்ணீர்தானே என்று அதையே புகட்டிக்கொண்டிருந்தாள். குடிக்கக் குடிக்கப் பிள்ளைக்குத் தாகம்தான் ஏறியது. நேற்றுப் புதைத்தோம்.

நீ பயப்படாதே, எனக்கு இளநீர் கிடைக்கிறது.

நெல்லிக்காய் அனுப்பு. அதை மென்றுவிட்டு எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் தித்திக்கும்; உப்பு போகாது, வாயில் இறங்கவாவது இறங்கும். உப்புப் போட்டு ஊறவைத்துவிடாதே, வெறுமனே காயவை. கூடுதலாகவே அனுப்பு. இராஜம்மாவுக்கு மூத்தது ஒன்று இருக்கிறது. அதுவும் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

தபால்காரர் படகை அவிழ்க்கிறார்.

இருதயம்