அலோசியஸின் இடம்

29.11.2009, ஞாயிறு

கோயில் அறிவித்தல் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்: 'ஆழிப்பேரலையில் பிரிந்தோரை மௌனமாக நினைவுகூருவோம்.' நினைவுகூருவது சரி. மௌனமாக என்பதுதான் இடிக்கிறது. என் மனுசன் அலோசியஸ் பூசையில்கூட வாய் மூடி இருந்ததில்லை. கடல் அவரைக் கொண்டுபோனதிலிருந்து வருசா வருசம் மெழுகுதிரி கொளுத்திவிட்டு நானும் பேசாமல்தான் நின்றிருக்கிறேன். பார்த்திருந்தால் கொட்டாவி விட்டிருப்பார்.

6.12.2009

றொஷெலுக்கு ஜனவரி இரண்டில் கலியாணம். சண்டை முடிந்த பிறகு, போர்த்துக்கேய வழிவந்த எங்கள் பறங்கியருக்குள் வரும் முதல் கலியாணம். ஊரடங்குக்குப் பயந்து பொழுதுபட முன் விருந்தை முடிக்கத் தேவையில்லை. மகள் கேட்டது ஒன்றுதான். "மம்மி, லான்சஸ் ஆடவேணும். டடி ஆடின மாதிரி."

நாலு சோடி சதுரமாய் நின்று ஆடுவது. எந்தப் பக்கம் திரும்புவதென்று ஆடிக்கொண்டே கத்துவது அலோசியஸ்: "கிறுகு, இஞ்சால கிறுகு." அவர் போன பிறகு ஒருவரும் ஆடவில்லை. என் முகத்தைப் பார்த்தே விட்டுவிட்டார்கள். ஆடினால் அவரை மறந்த மாதிரி ஆகுமா? கடைசியில் ஓம் என்றேன். ஆனால் அவருடைய இடத்தில் ஒருவரும் நிற்கக்கூடாது. அதுதான் மரியாதை.

13.12.2009

ஆடிப் பார்த்தோம். அலோசியஸின் தம்பி பிறையன் வயலின் வாசித்தான். ஆடியது ஏழு பேர், ஓர் இடம் வெறுமை; நான் கதிரையில் இருந்து பார்த்தேன். நினைக்க நன்றாய்த்தான் இருந்தது. ஆனால் இந்த ஆட்டத்தில் எதிரே நிற்பவரின் கையைப் பிடித்துத்தான் சுற்றவேண்டும். அந்த இடத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பிடிக்கக் கையில்லாமல் தள்ளாடினார்கள். மாப்பிள்ளை கதிரைகளுக்குள் போய் விழுந்தார். றொஷெலுக்குச் சிரித்தே விக்கல்.

பிறையன் வயலினைக் கீழே வைத்தான். "அக்கா, அண்ணன் இருக்கக்குள்ள ஒருத்தரையும் இப்படி விழ விட்டதில்ல."

இவன் என்னத்துக்கு எனக்குப் புத்தி சொல்லுறான் — கோபத்தில் எழும்பி வந்துவிட்டேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் மாப்பிள்ளை விழுந்த விதம் ஞாபகம் வந்தது. தனியே நின்று சிரித்தேன்.

26.12.2009

கடற்கரையில் மெழுகுதிரி, மௌனம். தலைகுனிந்து நின்றேன். செருப்புக்குள் கால் மட்டும் தாளம் போட்டது.

3.1.2010, ஞாயிறு

நேற்றுக் கலியாண விருந்தில் அவருடைய இடத்தில் நான்தான் நின்றேன். வருகிற கையையெல்லாம் பிடித்துச் சுற்றி அனுப்பினேன். ஒருவரும் விழவில்லை. விருந்து முடிய விடிந்துவிட்டது.

இன்று பூசையில் எல்லாரும் பாட நான் மட்டும் மௌனம். 'கிறுகு, கிறுகு' என்று கத்தியதில் தொண்டை போய்விட்டது.